தாழ்ப்பாள் போடாத வீடு

இதற்குப் பெயர் எரிமலையாம். தினமும் முதல் ஈடு வடையைத் தட்டி எண்ணெயில் விடும்போது பூமாரிக்கு ஒரு தடவையாவது அந்தச் சிரிப்பு வந்துவிடும். கடைக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் ஏறினால், மூங்கில் வேலிக்குள், எருமை புரண்டு எழுந்துபோன இடம் மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு சேற்றுத் திட்டு, அதன் நடுவில் ஒரு குழி, குழிக்குள் அதற்கு மனசு வந்தால் புளித்த தோசை மாவு போல ஒரு கொப்புளம் கிளம்பி, கொஞ்ச நேரம் யோசித்து, பொளக்கென்று உடையும், அவ்வளவுதான், நெருப்பு கிடையாது, புகை கிடையாது, விரலை விட்டால் சுடக்கூடச் சுடாது. இதைப் பார்க்கத்தான் மெயின்லேண்டிலிருந்து விமானம் ஏறி வந்து, போர்ட் பிளேரில் லாட்ஜ் எடுத்து, இருட்டோடு எழுந்து, காட்டு ரோட்டில் போலீஸ் வண்டி முன்னால் போக அதன் பின்னால் வரிசை கட்டிக் கன்வாயாக வந்து, உப்பங்கழியைப் பெரிய படகில் தாண்டி, இந்தப் பாரதாங் தீவில் இறங்கி, அவள் புருஷன் தர்மர் மாதிரி ஆட்களின் ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி மேட்டடிக்கு வந்து சேர்கிறார்கள். உள்ளூரில் யாரும் அதை எரிமலை என்று சொல்லமாட்டார்கள், ஜல்கி என்பார்கள், எரிமலை என்பது போர்டில் எழுதியிருப்பது. மேட்டில் ஏறும்போது அவர்கள் முகம் கல்யாண வீட்டுக்குப் போகிற முகம், இறங்கும்போது பந்தியில் இடம் கிடைக்காத முகம். இவ்வளவுதானா என்பதை குஜராத்தியில் எப்படிச் சொல்வார்கள், வங்காளத்தில் எப்படி, தெலுங்கில் எப்படி என்பதெல்லாம் பூமாரிக்கு அத்துப்படி, உள்ளூர்ப் பள்ளியில் பத்தாவது வரைக்கும் உட்கார்ந்து வராத பாஷைகளெல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்துவிட்டன. ஏமாந்து இறங்குகிறவனுக்கு வயிறு காய்ந்திருக்கும், அந்த வயிறுதான் அவள் பிழைப்பு. மலை நிஜமாகவே பொங்கிக் காட்டினால் இவர்கள் வடை தின்ன நிற்பார்களா, போட்டோ எடுத்த கையோடு ஓடிவிடமாட்டார்களா, அதனால் கொப்புளம் போதும், சாமி, நீ கொப்புளம் விட்டுக்கொண்டே கிட.

இன்றைக்கு அந்தச் சிரிப்பு வந்து பாதியிலேயே நின்றுவிட்டது, ஏனென்றால் இன்றைக்கு மத்தியான கன்வாய் இருக்கிறது. கன்வாய் தினமும்தான் இருக்கிறது, ஆனால் இன்றைய மத்தியான கன்வாயில் அவள் நாத்தனார் பஞ்சவர்ணம் போர்ட் பிளேர் போகிறாள், நாளைக்குக் கப்பல், கப்பலில் சென்னை, சென்னையிலிருந்து சாயல்குடிப் பக்கம் அவளுடைய ஊர், அந்தப் பயணத்தில் பூமாரியின் ஐந்து வயசு மகள் தனு கூடப் போகிறாளா இல்லையா என்பதை அதற்குள் பூமாரி சொல்லியாக வேண்டும். தர்மர் சொல்லமாட்டான். நேற்றைக்கு ராத்திரி கேட்டதற்கு நீ என்ன சொல்றியோ அதுதான் என்று புரண்டு படுத்துக்கொண்டான், என்னமோ பெரிய மரியாதை கொடுத்துவிட்ட மாதிரி, நாளைக்கு ஒன்று கெட்டுப்போனால் நீதானே சொன்னாய் என்று கேட்பதற்கு வசதியாக, ஜீப்பை மட்டும் பள்ளத்தில் விடாமல் ஓட்டத் தெரிகிறது, அக்காளிடம் ஒரு வார்த்தை பேச நாக்குப் புரளவில்லை. பஞ்சவர்ணம் மதினி வந்து இறங்கிய அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். கப்பலில் வாந்தி எடுத்து எடுத்து முகம் வெளிறிப்போய் வந்தவள், செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள், பலகைச் சுவரைத் தட்டிப் பார்த்தாள், தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தாள், ஏத்தா இதுக்குள்ளயா புள்ளைய வளக்குறீங்க என்றாள். அவள் வீடு காங்கிரீட்டாம், மேலே ஒரு மாடியாம், வேலையில்லாமல் கம்பி நீட்டி விட்டிருக்கிறதாம் இன்னொரு மாடிக்கு. இரண்டு மகன்களும் துபாயில், புருஷன் போய்ச் சேர்ந்தாச்சு, அத்தனை பெரிய காங்கிரீட்டுக்குள் பேச ஆளில்லாமல் டி.வி.யோடு பேசுகிறவள், அதைச் சொல்லமாட்டாள், பூகம்பம் என்பாள், எரிமலை என்பாள், சுனாமி என்பாள், புள்ளையை நினைச்சா எனக்கு ஈரக்குலை நடுங்குது பூமாரி என்பாள். நடுங்குகிற ஈரக்குலையோடு ரசத்தை மூன்று தடவை வாங்கிக் குடிப்பாள்.

பயம், பயம், எப்போது பார்த்தாலும் பயம். மெயின்லேண்ட்காரர்களுக்கு இந்தத் தீவு என்றாலே பயந்து காட்ட வேண்டும், அது ஒரு மரியாதை மாதிரி. வடையைப் பிய்த்துக்கொண்டே கேட்பார்கள், இங்கே இருக்கப் பயமாக இல்லையா. வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அவளும் கேட்டிருக்கலாம், உங்கள் ஊர் ரோட்டில் தண்ணீர் லாரி வருகிறதே, ஒரே பைக்கில் நாலு பேர் போகிறார்களே, அங்கே இருக்கப் பயமாக இல்லையா என்று. கேட்டதில்லை, சிரித்துவிட்டு இன்னொரு வடை வைப்பாள், சிரிப்பவள் கடையில்தான் கூட்டம் நிற்கும். போன வருஷம் விழிப்புணர்வு என்று ஒருத்தர் வந்தார், இஸ்திரி கலையாத சட்டை, பள்ளிக்கூட வராண்டாவில் எல்லாரையும் உட்கார வைத்து, பூமிக்கு அடியில் இரண்டு தட்டுகள் இருக்கின்றன, ஒன்று இன்னொன்றின் அடியில் நுழைகிறது, அதனால்தான் ஆடுகிறது, அந்த ஆட்டத்தில்தான் இந்தத் தீவுகளே கடலுக்கு மேலே வந்தன என்றார். தட்டு என்றதும் பூமாரிக்குப் பாத்திரக்கடையில் அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள்தான் கண்ணில் நின்றன, எவனோ அடித்தட்டை உருவப் பார்க்கிறான், அடுக்கு மொத்தமும் ஆடுகிறது, அந்த மேல்தட்டில் அவளும் அவள் வடைச் சட்டியும். ஆடினால் உறுதியான மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளுங்கள் என்றார் அவர். இந்த ஊரில் யார் வீட்டில் சார் மேஜை இருக்கிறது என்று அவள் எழுந்து கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், சரி, கட்டிலுக்கு அடியில் என்றார், கட்டில் மட்டும் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று யாரோ கேட்க அத்தோடு டீ வந்துவிட்டது. தட்டு நுழைகிறது என்று தெரிந்தவருக்குக் கதவு எப்படி மாட்டிக்கொள்ளும் என்று தெரியவில்லை. மண் ஆடும்போது வீடு விழுவதற்கு முன்னால் கதவு நிலை கோணிக்கொள்ளும், கோணினால் தாழ்ப்பாள் இறுகும், இறுகினால் யானை இழுத்தாலும் வராது, இதை அவர் புத்தகத்தில் போடவில்லை. அவளுக்குத் தெரியும். அதனால்தான் இந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது, பழைய சேலைக் கரையைக் கிழித்துத் திரித்த துணிக்கயிறு, அதை நிலையில் அடித்த ஆணியில் ஒரு சுற்று, அவ்வளவுதான், தனுவே ஒரு தள்ளுத் தள்ளினால் அவிழ்ந்துவிடும். கதவு மட்டுமா, அறைக்கு அறை சுவரில் தரையோடு ஒரு பலகையை நீள ஆணி அடிக்காமல் குட்டை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறாள், உதைப்பலகை என்று அதற்குப் பெயர், கதவு சண்டித்தனம் செய்தால் அதை உதைத்துவிட்டு வெளியே வர, தர்மர் வீடு கட்டும்போது அவன் பக்கத்திலேயே நின்று பலகைக்குப் பலகை சொல்லி அடிக்க வைத்தாள், தச்சு வேலை தெரிந்தவன் நானா நீயா என்று அவன் கடுப்படித்தான், அடித்தால் அடித்துக்கொள்.

உதைப்பலகை அம்மாவின் யோசனை, யோசனை கூட இல்லை, அம்மாவின் குதிகால். அந்தப் பெரிய ஆட்டம் வந்தபோது பூமாரிக்கு ஆறோ ஏழோ, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பக்கத்து வீட்டு மேரி ஆன்ட்டி கொடுத்த கேக்கை யாருக்கும் தராமல் பாயில் குப்புறப் படுத்துத் தின்றுகொண்டிருந்தாள், முதலில் கேக்குதான் ஆடியது. அப்பா படகுத்துறைக்கு, ஜெட்டிக்கு, போயிருந்தார். அம்மா தாழ்ப்பாளைப் பிடித்து இழுக்கிறாள், இழுக்கிறாள், வளையல் உடைந்து கையெல்லாம் ரத்தம், தாழ்ப்பாள் அசையவில்லை, நல்ல பித்தளைத் தாழ்ப்பாள், ஊரிலிருந்து அப்பா ஆசையாகக் கொண்டுவந்தது, பளபளவென்று அது சிரித்தது என்றுதான் பூமாரிக்கு ஞாபகம், பித்தளை எங்கேயாவது சிரிக்குமா, ஆனால் சிரித்தது. அப்புறம் அம்மா திரும்பி நின்று கழுதை மாதிரிப் பின்னங்காலால் சுவரை உதைத்தாள், உதைத்தாள், ஒரு பலகை பிளந்து அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது, கேக்கோடு பூமாரியை அந்த ஓட்டையில் திணித்து வெளியே தள்ளினாள், குதிகால் பிளந்தது கடைசிவரைக்கும் சரியாக ஆறவில்லை. அந்த வாரத்தில்தான் ஜல்கி பொங்கியது, சேற்றை வாரி இறைத்தது, மேட்டின் மேல் நெருப்புத் தெரிந்தது என்று ஊரே சொன்னது, அவளைப் பார்க்க விடவில்லை, அதுதான் அந்த எருமைக் குழி தன் வாழ்நாளில் செய்த ஒரே காரியம், அதன் பேரைச் சொல்லித்தான் இன்றைக்கு வரைக்கும் டிக்கெட். அப்புறம் எவ்வளவோ ஆட்டம், பெரியது சின்னது, ராத்திரி, பகல், சோறு பொங்கும்போது, தலைக்கு எண்ணெய் வைக்கும்போது. பழகிவிட்டது. இப்போது ஆட்டம் வந்தால் முதல் காரியம் எண்ணெய்ச் சட்டி. வீடு விழுவதைவிட, கொதிக்கிற எண்ணெய் கவிழ்ந்து, கேஸ் பற்றி, பலகை வீடு எரிந்து போவதுதான் ஆபத்து, அதனால் முதலில் அடுப்பு, அப்புறம் சிலிண்டர், அப்புறம் சட்டிக்கு மூடி, அப்புறம் வாசல், தனு தானாக ஓடி வந்து முற்றத்தில் நிற்பாள், அம்மா நான்தான் ஃபர்ஸ்ட் என்பாள். பயமாம், பயம். தெரியாதவனுக்குத்தான் பயம்.

தெரிந்தவளுக்குச் சிரிப்பு, அதைத்தான் முந்தாநாள் செய்தாள். மதினிக்குத் துணிக்கயிற்றைக் கண்டால் ஆகவில்லை, சேலை மாற்ற முடியவில்லையாம், ராத்திரி எவனாவது வந்துவிட்டால் என்னாவதாம், இந்தத் தீவில் திருடிக்கொண்டு எவன் எங்கே ஓடுவான், ஓடினால் கடல், ஆனாலும் அவள் ஜெட்டி பஜாருக்குப் போய் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் வாங்கி வந்துவிட்டாள், தம்பியைக் கூப்பிட்டு உள்ளறைக் கதவில் பொருத்தச் சொல்லிவிட்டாள். தர்மர் திருப்புளியோடு நின்று பூமாரியைப் பார்த்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டாயா என்கிற பார்வை. பூமாரி சிரித்தாள். போடுங்க, ரெண்டு நாளைக்குத்தானே, போகும்போது கழட்டிக்கலாம் என்றாள். இவளோடு யார் மல்லுக்கட்டுவது, காங்கிரீட்டுக்காரி, ஒரு தாழ்ப்பாளுக்குப் பின்னால் படுத்தால்தான் தூக்கம் வருமென்றால் படுத்துக்கொள்ளட்டும், உலகம் முழுக்க ஆடும்போது ஒரு இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கட்டும். மதினி தன் பெரிய பெட்டியையும் பாக்கு மூட்டையையும் அதே சுவரோரம் அடுக்கிக்கொண்டாள், பாக்கு மெயின்லேண்டில் நல்ல விலை போகுமாம், இந்த மண்ணைத் திட்டுகிற வாய்க்கு இந்த மண்ணின் பாக்கு மட்டும் வேண்டும். மேலே தனுவின் சின்னப் பை. அதில் மடித்து வைத்த கவுன்கள். யாரைக் கேட்டு மடித்தாள். சொல்லியாக வேண்டும், மத்தியானத்துக்குள் சொல்லியாக வேண்டும், வடை சிவக்கிறது, திருப்பு.

அனுப்பு என்கிற சொல் மட்டும் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. ஏனென்றால் மதினி சொல்வதில் பாதி பொய் இல்லை, அதுதான் எரிச்சல். இந்தப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் லீவில் போனால் கப்பல் மாதிரி, எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. அங்கே பஸ் வந்து வாசலில் ஏற்றிக்கொண்டு போகுமாம், டை கட்டுவார்களாம், தனு டை கட்டினால் எப்படி இருப்பாள், அழகாகத்தான் இருப்பாள் சனியன். போன மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்து வலிப்பு மாதிரி இழுத்தபோது உப்பங்கழியில் காற்று, படகு போகவில்லை, கம்பவுண்டர் கொடுத்த மருந்தை வைத்துக்கொண்டு விடிய விடிய ஈரத் துணி போட்டாளே, அன்றைக்கு எரிமலையா பயம், அந்த உப்பங்கழிதான் பயம், அந்த அகலத் தண்ணீர்தான். அதை மதினியிடம் சொல்லவில்லை. சொன்னால் பிடித்துக்கொள்வாள். ஆனால் அனுப்பிவிட்டால், தனு அத்தையின் மடியில் வளர்வாள், லீவுக்கு வருவாள், கப்பலில் வாந்தி எடுத்து வெளிறிப்போய் வருவாள், செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்ப்பாள், பலகைச் சுவரைத் தட்டிப் பார்ப்பாள், அம்மா இங்கே இருக்கப் பயமாக இல்லையா என்று கேட்பாள், தன் வடையைப் பிய்த்துக்கொண்டே கேட்பாள். மேட்டில் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, இவ்வளவுதானா என்பாள். அந்தக் கேள்வியை எந்தப் பாஷையில் கேட்டாலும் தாங்கலாம், தமிழில் அவள் வாயால் கேட்கத் தாங்குமா. சீ, என்ன நினைப்பு இது, ஒரு கேள்விக்குப் பயந்தா பிள்ளையின் படிப்பைக் கெடுப்பது. உள்ளறையில் மதினி தனுவுக்குத் தலை சீவிக்கொண்டிருக்கிறாள், குரல் கேட்கிறது, நம்ம வீட்டுல ஊஞ்சல் இருக்குடி என்கிறாள், பலகை ஊஞ்சல், நீ ஆடிக்கிட்டே இருக்கலாம். ஆடுவதற்கா அவ்வளவு தூரம் போக வேண்டும், இங்கேயே ஆடுமே. அப்புறம் சேலை மாத்தணும், கதவைச் சாத்திக்கிறேன் என்கிற குரல், அப்புறம் இரும்பு உரசும் அந்தச் சத்தம், டக்.

எண்ணெய்தான் முதலில் சொல்லும். நாய் சொல்லும், கோழி சொல்லும் என்பார்கள், எல்லாம் அப்புறம், சட்டியில் வடையைச் சுற்றிக் குமிழ் விட்டுக்கொண்டிருந்த எண்ணெய் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டம் வட்டமாக ஒரு சுருக்கம் போட்டது, பூமாரியின் கை அவளைக் கேட்காமலேயே போய் அடுப்பைத் திருகியது, சிலிண்டரைத் திருகியது, மூடியை எடுத்துச் சட்டியில் கவிழ்த்தது, அதற்குள் அடியில் ஒரு லாரி போகிற சத்தம் வந்துவிட்டது, தகரம் முழுக்கக் கடகடவென்று, டம்ளர் அடுக்கு சரிந்து, கிளாஸ் ஒன்று உடைந்து, கால் தானாக முற்றத்துக்கு இறங்கி, தென்னைக்கும் தகரத்துக்கும் எட்டாத இடத்தில், எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்றது. வாயில் அந்தச் சிரிப்புக் கூடத் தயாராக இருந்தது. நான்தான் ஃபர்ஸ்ட் என்று வருவாள், இல்லடி இன்னைக்கு அம்மாதான் என்று சொல்ல வேண்டும். தரை வலப்பக்கம் போய் இடப்பக்கம் வந்தது. வாசல் வாசலாகவே இருந்தது. யாரும் வரவில்லை. கையில் ஜல்லிக்கரண்டி, அதில் பாதி வெந்த ஒரு வடை, அதை இறக்கி வைக்க இடம் தேடியது அவள் கண், அந்த ஒரு நொடியை அவள் இனிமேல் எங்கே கொண்டுபோய் வைப்பாள், பிள்ளையைத் தேடாமல் வடைக்கு இடம் தேடிய நொடி. அப்புறம்தான் அந்தச் சத்தம் காதில் திரும்பக் கேட்டது. டக்.

கதவு நிலை கோணியிருந்தது, மேல் மூலையில் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி, கீழே மரத்தோடு மரம் கவ்விக்கொண்டிருந்தது. உள்ளே மதினி முருகா முருகா என்று அலறிக்கொண்டிருந்தாள், தனு அழவில்லை, அம்மா கம்பி வரமாட்டேங்குது என்று அதட்டுகிற மாதிரிச் சொன்னாள், ஏதோ பொம்மை சாவி கொடுத்தும் ஓடவில்லை என்கிற மாதிரி. பூமாரி தோளால் இடித்தாள், புதுத் திருகாணி, தர்மர் முறுக்கித்தான் விட்டிருந்தான், அந்த மனுசன் வாழ்நாளில் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை. விட்டுவிட்டு வீட்டைச் சுற்றிப் பின்னால் ஓடினாள், உதைப்பலகை, கையால் தட்டினாள், இதுதான், உதைத்தாள், அது அசைந்து அசைந்து திரும்ப வந்தது, உள்ளிருந்து ஏதோ முட்டுக் கொடுக்கிறது, பெட்டி, பாக்கு மூட்டை, சிரித்துக்கொண்டே அடுக்க விட்ட பெட்டி. தரை இன்னொரு தடவை உறுமியது, சின்னதுதான், ஆனால் சின்னது என்று முதலில் யாருக்குத் தெரியும். மதினிக்கு அவள் இதுவரை ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை, சிரிப்பாள், சரி மதினி என்பாள், முதுகுக்குப் பின்னால் வாயைக் கோணுவாள். பலகையில் வாயை வைத்துக் கத்தினாள்.

“மதினி, சாமிய அப்புறம் கூப்பிடலாம். பெட்டிய இழுங்க. இப்பவே இழுங்க.”

முருகா நின்றது. உள்ளே தரையில் தகரம் கீறும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், பாக்கு கொட்டி உருளும் சத்தம். பூமாரி திரும்பி நின்று பின்னங்காலால் உதைத்தாள், அம்மாவைப் போலவே, கழுதையைப் போலவே, குட்டை ஆணிகள் கிறீச்சென்று வந்தன, பலகை உள்ளே விழுந்தது. அந்த ஓட்டையில் முதலில் தெரிந்தது தனுவின் பாதி பின்னிய சடை, அப்புறம் தலை, பின்னாலிருந்து இரண்டு கைகள் அவளைத் தள்ளின, வளையல் போட்ட தடித்த கைகள், ரொட்டி மாவைத் தள்ளுகிற மாதிரி அழுத்தித் தள்ளின, பிள்ளை வந்துவிட்டது. ஒரு பலகை அகலம் ஐந்து வயசுக்குத்தான். மதினியின் தோள் கூட அதில் நுழையாது, அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தரையோடு முகம் வைத்து ஓட்டை வழியாகப் பார்த்தாள், திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கு வரை வழிந்திருந்தது, உள்பாவாடையும் ரவிக்கையுமாக, இத்தனை நாளும் ரசம் குடித்தபோதும் பக்கத்தில் படுத்தபோதும் பார்க்காத ஒரு முகம்.

“புள்ளைய தூக்கிக்கிட்டு தூரப் போ. என்னையப் பாக்காத, போ.”

பூமாரி போனாள். தூக்கிக்கொண்டு முற்றத்து நடுவில் இறக்கிவிட்டு, இங்கேயே நில், அசைந்தாய் தோலை உரித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் திரும்ப வந்து தேங்காய் உரிக்கும் கம்பியைப் பிடுங்கி அடுத்த பலகையை நெம்பினாள், அதற்கும் அடுத்ததை நெம்பினாள், நீள ஆணி, தர்மர் கடுப்படித்துக்கொண்டே அடித்த ஆணி. நெம்பும்போது ஒன்று மட்டும் மனசில் திரும்பத் திரும்ப முட்டியது, பலகை திரும்ப வருகிற மாதிரியே வந்து வந்து முட்டியது. அவள் அந்தத் தாழ்ப்பாளை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மதினிக்குத் தெரியாது, தெரியாதவள் செய்தாள். தெரிந்தவள் பார்த்துக்கொண்டு நின்றாள், சிரித்துக்கொண்டு நின்றாள், ஏனென்றால் எடுத்துச் சொல்கிற அளவுக்குக் கூட அவளை ஒரு ஆளாக மதிக்கவில்லை. அம்மாவின் கை ரத்தத்தைச் சொல்லியிருந்தால் போதும், ஒரு நிமிஷக் கதை, அந்தக் கதையைக் கேட்க இந்தக் காங்கிரீட்டுக்காரிக்கு என்ன தகுதி என்று வைத்திருந்தாள். பூகம்பம் வந்து நிலையைக் கோணியது, அது அதன் வேலை. மீதி வேலையைச் செய்தது இந்த இளக்காரம். மூன்றாவது பலகை வந்தது. மதினி பக்கவாட்டில் நகர்ந்து, சிராய்த்து, முனகி, ஒரு வழியாக வெளியே வந்து விழுந்தாள், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, மேலே போர்த்த எதுவும் இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்து கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டாள். பூமாரி கொடியில் கிடந்த தன் சேலையை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கிளாஸ், இரண்டு டம்ளர், ஒரு கதவு, மூன்று பலகை. மேட்டுப் பக்கமிருந்து வந்த பையன்கள் ஜல்கி நன்றாகக் கொதிக்கிறது, புதிதாக இன்னொரு வாய் திறந்திருக்கிறது, சேறு வேலி வரைக்கும் வழிகிறது என்று சொல்லிக்கொண்டு ஓடினார்கள். தர்மர் ஜெட்டியிலிருந்து ஃபோனில் பதறிவிட்டு, எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று தெரிந்ததும், இன்றைக்குக் கூட்டம் அள்ளும், வடை கூடப் போடு, கொதிக்குதாமே என்று எல்லா வண்டிக்காரர்களும் கேட்கிறார்கள் என்றான். இந்த மண்ணின் குணமே இதுதான், ஒரு கையால் பிள்ளையைப் பிடுங்கப் பார்க்கும், மறுகையால் வாடிக்கையைக் கொண்டுவந்து விடும், இரண்டும் ஒரே கையோ என்னவோ. கூட வடை போடுவதென்றால் பருப்பை இன்னும் ஊறப்போட வேண்டும். பூமாரி திருப்புளியைத் தேடி எடுத்து உள்ளறைக் கதவுக்குப் போனாள். முதல் மூன்று திருகாணிகள் வந்தன, நாலாவது வரவில்லை, கை ஆடியது, தரை ஆடுகிறதோ என்று எண்ணெய்ச் சட்டியைத் திரும்பிப் பார்த்தாள், எண்ணெய் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது, ஆடுவது கைதான். ஓ, இதுதானா அந்தப் பயம், இத்தனை வருஷமாக வடையோடு சேர்த்து மற்றவர்களிடமே விற்றுக்கொண்டிருந்தது, நம்மிடமும் கொஞ்சம் இருந்திருக்கிறதா. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள், வந்தது. தாழ்ப்பாளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். மதினி தனுவின் சடையை அவிழ்த்து முதலிலிருந்து பின்னிக்கொண்டிருந்தாள். பையை அனுப்பு, பிள்ளையை அனுப்பு என்று எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும், கேட்டால் சிரித்துச் சமாளிக்கலாம். மத்தியான கன்வாய், மத்தியான கன்வாய். பூமாரி பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்தாள்.

“மதினி, தனு இங்கேயே இருக்கட்டும். நான் உங்களைப் பாத்துச் சிரிச்சேன், தப்புதான். இனிமே நானும் பயப்படுறேன். பயந்துகிட்டே வளக்குறேன்.”

பஞ்சவர்ணம் சடையின் நுனியில் ரப்பரைப் போட்டு முடித்தாள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள், திரும்பச் சுற்றினாள். அப்படியென்றால் அந்த வாத்தியார் வராத பள்ளிக்கூடம், படகு ஓடாத ராத்திரி, அதற்கெல்லாம் என்ன செய்வாய் என்று கேட்டாள், சண்டைக் குரலில் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள், படகு விஷயத்தைத் தர்மர் சொல்லியிருக்க வேண்டும். தெரியவில்லை மதினி என்றாள் பூமாரி, அந்த வாக்கியத்தை அவளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அடுத்த கப்பல்வரைக்கும் இருந்து போங்களேன் என்று சொல்லிப் பார்த்தாள். மதினி அவளை ஏற இறங்கப் பார்த்தாள், பிளந்து கிடந்த சுவரைப் பார்த்தாள்.

“எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு,” என்றாள். பிறகு அந்தச் சுவரைக் காட்டி, “அந்தப் பலகைய திரும்பவும் குட்டை ஆணியில அடிக்கச் சொல்லு அவன்கிட்ட. பக்கத்துல இன்னொன்னும் சேத்து. பெரியவங்க நுழையற மாதிரி.”

முதல் ஜீப் குலுங்கிக் குலுங்கி மேட்டடிக்கு வந்து நின்றது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இறங்கினார்கள், கொதிக்குதாமே, கொதிக்குதாமே, இரண்டு மூன்று பாஷையில், ஒருத்தி கடை முன்னால் நின்று பிளந்து கிடந்த சுவரைப் போட்டோ எடுத்தாள். போங்கள், ஏறிப் பாருங்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து இவ்வளவுதானா என்று கேட்காமல் இருந்தால் ஒரு வடை இனாம். பூமாரி மூடியை எடுத்து எண்ணெயைப் பார்த்தாள். சிலிண்டரைத் திருகினாள். அடுப்பில் கை வைத்தவள், எடுத்துவிட்டு, முற்றத்துக்குப் போய் தனுவைத் தூக்கி வந்து, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், எண்ணெய் தெறிக்காத தூரத்தில், வாசல் பக்கம் முகம் வைத்து ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள். அது சரியான தூரம்தானா என்று கையை நீட்டி ஒரு தடவை பார்த்தாள். சடை தட்டுப்பட்டது. அதற்குப் பிறகுதான் தீப்பெட்டியை எடுத்தாள்.